மும்பையில் தகடு, பிள்ளையார்பாளையத்தில் பிராக்டிகல்

“பாப்பா கரஸ்ல பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிக்கணும்னு நிக்கிறா சார். புக்கு தபால்ல வந்துடும், கிளாஸு போன்ல வந்துடும். பிராக்டிகல் எதுல வரும்?”

கேட்டவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் அண்ணா. டீக்குச் சொல்லிவிட்டு, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இதைத்தான் கேட்டார். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், பேச்சில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர் வீட்டுப் பெண்ணைப் போல இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்து நன்றாகவே படித்திருப்பார்கள். அதற்குப் பிறகு வீட்டு நிலைமை இடம் கொடுக்காது; தபால் வழியில் எது கிடைக்கிறதோ அதில், பெரும்பாலும் பி.காம்., பி.ஏ. என்று சேர்ந்துவிடுவார்கள். அறிவியலை அவர்கள் விடுவது புத்தி எட்டாமல் அல்ல. ஆய்வகம் எட்டாமல்.

படிக்க வேண்டும் என்றால் படிப்பு இருக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும் என்பதற்கு இந்த ஊரே பழைய சாட்சி. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், வேதம் படிக்கத் தன் குருவோடு காஞ்சியில் இருந்த கடிகை என்ற கல்விக்கூடத்துக்கு வந்ததைக் கர்நாடகத்தில் உள்ள தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. அஞ்சல் வழிக் கல்வி வந்து அதை மாற்றியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அதற்கென்று தனி நிறுவனம் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) வந்தது, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமான பெண்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் வீட்டில் இருந்தபடியே பட்டம் வாங்கினார்கள். ஆனாலும் வீடு தேடி வந்தது பாடம் மட்டும்தான்; ஆய்வகம் வரவில்லை.

அறிவியல் படிப்பு நடத்தியவர்கள் இதற்குப் பல வழிகள் பார்த்தார்கள். நேரில் வரச் சொல்வது ஒன்று. இக்னோவின் அறிவியல் பட்டத்தில் ஆய்வகப் பாடங்களுக்குப் படிப்பு மையம் இருக்கும் கல்லூரிக்குப் போய்த் தொடர்ச்சியாகச் செய்துவிட்டு வரவேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2023இல் தொடங்கிய எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். படிப்பிலும், பாடமெல்லாம் இணையத்தில் நடந்தாலும், ஆய்வகத்துக்கு வளாகத்துக்கு வரச் சொல்கிறார்கள். இது நேர்மையான வழி. ஆனால் தறியில் உட்கார்ந்தால்தான் அந்த வாரக் கூலி என்கிற வீட்டில், ஒரு பெண் ஒரு வாரம் வெளியூரில் தங்கிவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்று அந்த அண்ணாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆய்வகத்தையே பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு வழி. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1970களில் இதைத்தான் செய்தது. கையடக்கப் பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் முதற்கொண்டு மாணவர் வீட்டுக்குப் போனது. நம் நாட்டில் டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் ‘எக்ஸ்பைஸ்’ என்று ஒரு சின்னப் பெட்டியை உருவாக்கியிருக்கிறது. லேப்டாப்பில் செருகினால் அதுவே ஆஸிலாஸ்கோப், அதுவே வோல்ட்மீட்டர், அதுவே சிக்னல் ஜெனரேட்டர். எனக்கு மிகவும் பிடித்த பெட்டி அது. அதை வைத்து வீட்டு மேஜையில் பலவிதப் பரிசோதனைகள் செய்யலாம். ஆனால் கதிரியக்கப் பொருளை அப்படித் தபாலில் அனுப்ப முடியாது. பல லட்சம் விலையுள்ள கருவியையும் ஆளுக்கொன்று அனுப்ப முடியாது.

மூன்றாவது வழிதான் தொலை ஆய்வகம். கருவி அது இருக்கும் இடத்திலேயே இருக்கும். நீங்கள் உங்கள் வீட்டில் இருந்து, இணையம் வழியாக அதை இயக்குவீர்கள்.

அண்ணா உடனே, “அதாவது வீடியோ மாதிரியா?” என்றார். இல்லை. வீடியோ ஏற்கெனவே நடந்து முடிந்ததைக் காட்டும். இது நீங்கள் சொன்ன பிறகு நடக்கும். நீங்கள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே நடக்கும். ஒரே ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மும்பை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யாவும் அவருடைய குழுவும் செய்த சிறிய சாதனம் ஒன்று இருக்கிறது. ‘சிங்கிள் போர்டு ஹீட்டர் சிஸ்டம்’ என்று பெயர். ஒரே பலகையில் ஒரு சின்ன எஃகுத் தகடு, அதைச் சூடாக்க நிக்ரோம் கம்பிச் சுருள், ஆற்றுவதற்குக் கம்ப்யூட்டருக்குள் இருக்குமே அதுபோல ஒரு விசிறி, தகட்டின் சூட்டை அளக்கும் உணரி, இவற்றையெல்லாம் நடத்த ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு. அவ்வளவுதான். விலை குறைவாக இருக்க வேண்டும், வரைபடம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றே இதை வடிவமைத்தார்கள். இப்படிப் பல பலகைகளை வரிசையாக ஒரு சர்வரோடு இணைத்து, எந்த ஊர் மாணவரும் நேரம் முன்பதிவு செய்து பயன்படுத்தும்படி வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் பதிவு செய்யலாம். ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு போக அங்கே ஆள் இல்லை.

காஞ்சிபுரத்தில் இருக்கும் மாணவி தன் லேப்டாப்பில் சைலாப் என்ற இலவச மென்பொருளில் சில வரிகள் எழுதுகிறாள்: விசிறி இந்த வேகத்தில் நிற்காமல் ஓடட்டும், ஹீட்டர் இத்தனை அளவில் இருந்து இத்தனைக்கு ஏறட்டும். அந்த எண் மும்பைக்குப் போகிறது. அங்கே கம்பிச் சுருளில் மின்சாரம் கூடுகிறது. ஒவ்வொரு வினாடியும் தகட்டின் சூடு எண்ணாகத் திரும்பி வந்து, அவள் திரையில் புள்ளிகளாக விழுகிறது.

அந்தப் புள்ளிகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹீட்டரை ஏற்றிய நொடியில் எதுவும் மாறாது. கம்பி சூடாகி, அந்தச் சூடு தகட்டுக்குள் இறங்கி, உணரிக்கு எட்ட நேரம் பிடிக்கும். பிறகு கோடு விறுவிறுவென்று ஏறும். போகப்போக ஏற்றம் தளரும், கடைசியில் ஒரு மட்டத்தில் போய் நிற்கும். 30 டிகிரியில் தொடங்கி 40இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஏற்றம் 10. அதில் நூற்றுக்கு 63 பங்கு, அதாவது 36.3 டிகிரியைத் தொட எடுத்த நேரம் எவ்வளவோ, அதற்கு நேர மாறிலி என்று பெயர். தகடு எவ்வளவு ‘மந்தம்’ என்பதற்கான அளவு அது. கெமிக்கல் தொழிற்சாலையில் பெரிய கொதிகலனை நடத்துகிற இன்ஜினியரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்.

அடுத்த நாள் அதே மாணவி அதே எண்களைக் கொடுக்கிறாள். கோடு 40இல் நிற்காமல் 39இலோ 41இலோ நிற்கலாம். மும்பையில் அந்த அறை நேற்றைவிடக் குளிர்ந்திருக்கலாம், ஜன்னல் திறந்திருக்கலாம், இன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது வேறு பலகையாக இருக்கலாம். நடுவில் இணையம் ஒரு வினாடி தடுமாறியிருந்தால் ஒரு புள்ளி தள்ளி விழுந்திருக்கும். புத்தகத்தில் இருக்கும் வளைவு வழவழவென்று இருக்கும்; இவளுடையது நடுங்கிக்கொண்டு இருக்கும். ஏன் நடுங்குகிறது என்று அவள் யோசிக்க ஆரம்பித்தால் அதுதான் பிராக்டிகல். கல்லூரி ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டில் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிய ‘சரியான’ விடையைவிட, சொந்தமாக வந்த இந்த நடுங்கும் கோடு எனக்கு மேலானது. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2009இல் மத்திய அரசு தகவல் தொழில்நுட்பம் வழியாகக் கல்வி என்ற தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன் கீழ் டெல்லி ஐ.ஐ.டி. முன்னின்று நடத்த, பல ஐ.ஐ.டி.களும், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும், கோயம்புத்தூர் அமிர்தா பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ உருவாக்கினார்கள். மிகப் பெரிய வேலை, இலவசமாகவும் கிடைக்கிறது. 2020இல் கொரோனா வந்து கல்லூரிகள் மூடியிருந்தபோது நிறைய ஆசிரியர்களுக்கு அதுதான் கைகொடுத்தது. ஆனால் அதில் பெரும்பகுதி சிமுலேஷன். திரையில் தெரியும் பியூரெட்டுக்குப் பின்னால் பியூரெட் இல்லை, ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு சிறு பகுதிதான் உண்மையான கருவியைத் தூரத்தில் இருந்து இயக்குவது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே மாதிரித் திரையில் வருவதால் மாணவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சில சமயம் ஆசிரியர்களுக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே அளவை வைத்து இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் கடைசி இலக்கம் வரை அதே எண் வந்தால் அது அநேகமாக சிமுலேஷன். சிமுலேஷனிலும் வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாற்றத்தைக் கலந்திருப்பார்கள் என்பதால் இன்னொன்றும் பாருங்கள்: முன்பதிவோ வரிசையோ கேட்கிறதா? உண்மையான கருவியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் இயக்க முடியும். சூத்திரத்துக்கு வரிசை தேவையில்லை.

சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரிசோதனைக்கு முன்னால் பழகிக்கொள்ள அது நல்ல துணை. ஆனால் அது தனக்குள் எழுதிவைத்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும். எழுதியவருக்குத் தெரியாத எதையும் அது உங்களுக்குக் காட்டாது. இயற்கை அப்படி இல்லை.

வரிசை என்று சொன்னேன் இல்லையா, அதையும் சிலர் சாமர்த்தியமாகத் தீர்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் பிளெக்கிங்கே தொழில்நுட்ப நிறுவனத்தில் இங்வார் குஸ்தாவ்ஸன் என்ற பேராசிரியர் 1999இல் தொடங்கி வளர்த்த மின்சுற்று ஆய்வகம் ‘விசிர்’. திரையில் நாம் பள்ளியில் பார்த்த அதே பிரெட்போர்டு தெரியும். ரெசிஸ்டரை இழுத்து வைத்து, வயரை இழுத்து மாட்டி, ‘அளந்து காட்டு’ என்று அழுத்தினால், அங்கே ஒரு பெட்டிக்குள் ரிலே சுவிட்சுகள் டக்டக்கென்று மூடிக்கொண்டு அதே சுற்றை உண்மையான பாகங்களால் கட்டிவிடும். உண்மையான மீட்டர் அளந்து அனுப்பும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நீங்கள் அடுத்த வயரை எங்கே மாட்டலாம் என்று யோசிக்கிற நேரத்தில் அதே பெட்டி இன்னும் பல பேருக்கு அளந்து கொடுத்திருக்கும். அதனால் ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் உட்காரலாம். மாணவர் ஷார்ட் சர்க்யூட் ஆகும்படி வயரை மாட்டினால், ரிலே மூடும் முன்பே மென்பொருள் சரிபார்த்து ‘இது கூடாது’ என்று நிறுத்திவிடும். ஐரோப்பாவுக்கு வெளியே இதை நிறுவிய இடங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஹெசூஸ் தெல் அலாமோ என்ற பேராசிரியர் 1998இல் தொலை ஆய்வகம் தொடங்கியதற்குக் காரணமும் கருவிப் பற்றாக்குறைதான். டிரான்சிஸ்டரின் குணத்தை அளக்கும் விலை உயர்ந்த கருவி ஒன்று, மாணவர்களோ நிறையப் பேர். அவர் அதை இணையத்தில் இணைத்தார். பின்னாளில் உகாண்டா, தான்சானியா, நைஜீரியா பல்கலைக்கழக மாணவர்களும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தார்கள். பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கே பற்றாத ஒன்றைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது என்றால், நம் ஊருக்கு அது எவ்வளவு தேவை என்று பாருங்கள்.

இரண்டாவது டீ வந்தபோது அண்ணா கிளாஸைத் தொடவே இல்லை. அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். தறியை டிவியில பாத்துட்டு ஒருத்தன் நெய்ய முடியுமா? பாவு எவ்ளோ இழுத்துக் கட்டணும்னு கைக்குத் தெரியணும். கோர்வை போடும்போது அந்தப் பக்கம் நாடா தள்ற பையனோட கை எப்படி வருதுன்னு என் கைக்குத் தெரியணும். இதெல்லாம் கம்பியில வருமா?”

வராது என்றேன். அவர் சொன்னதில் பாதி முழு உண்மை, அந்தப் பாதியை யாரும் மூடி மறைக்கக் கூடாது.

டைட்ரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் பியூரெட்டின் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றி, கடைசித் துளி விழும் நேரத்தில் திருகை மயிரிழை அளவுக்குத் திருப்ப வேண்டும். ஒரு துளி முன்னால் நிறமே இல்லை, ஒரு துளி பின்னால் அடர்ந்த சிவப்பு. நடுவில் வெளிறிய ரோஜா நிறம். அந்தத் துளியைப் பிடிக்கக் கை பழக வேண்டும். சால்டரிங் அப்படித்தான், மைக்ராஸ்கோப்புக்குத் தண்டைச் சீவுவது அப்படித்தான், விலங்கியல் மாணவர் கத்திரிக்கோல் பிடிப்பது அப்படித்தான். இவற்றைத் தொலை ஆய்வகத்தில் ‘செய்தாயிற்று’ என்று சான்றிதழ் கொடுப்பது அந்த மாணவருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் கை எதையும் தொடாத பரிசோதனைகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் கதிரியக்க ஆய்வகம் ஒன்றை இணையத்தில் வைத்தது. உள்ளே ஸ்ட்ரான்ஷியம்-90 மூலம், அதற்கு நேரே கைகர் குழாய், தூரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மோட்டார். அமெரிக்காவில் இருந்த பள்ளி மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்தபடி அதை இயக்கினார்கள். அதே ஆய்வகத்துக்கு நேரில் போயிருந்தாலும் அவர்கள் கதிரியக்கப் பொருளைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். தள்ளி நின்று எண்ணைத்தான் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பரிசோதனையில் யோசனை எங்கே வருகிறது என்று சொல்கிறேன். தூரம் இரண்டு மடங்கானால் எண்ணிக்கை நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பது விதி. ஆனால் கதிரியக்கம் தாளம் போட்டு வருவதில்லை. நினைத்த நேரத்தில் வரும். 100 எண்ணினால் ஏறக்குறைய 10 முன்பின்னாக இருக்கும். அதாவது நூற்றுக்குப் பத்து சந்தேகம். 10,000 எண்ணினால் 100 முன்பின், நூற்றுக்கு ஒன்றுதான் சந்தேகம். ஆக, குழாய் தூரப் போகப்போக அதிக நேரம் எண்ண வேண்டும். ஆனால் மாணவருக்குக் கிடைத்த நேரமோ கொஞ்சம். எந்தத் தூரத்துக்கு எத்தனை நிமிடம் செலவழிப்பது? முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் முடியும். இது ஆராய்ச்சியாளர் தினமும் செய்யும் வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தூரத்தில் இருந்தே வாய்த்தது.

தூரத்தில் இருந்து கருவியை இயக்குவதை வானியலாளர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், கடல் மட்டத்தில் இருந்து 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. இரண்டு மீட்டர் குறுக்களவு. அங்கே காற்று மெலிந்திருக்கும், குளிர் எலும்பில் இறங்கும். அதை இயக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பது ஹோஸ்கோட்டேயில், செயற்கைக்கோள் தொடர்பு வழியாக. காஞ்சியில் இருந்து ராணிப்பேட்டை, சித்தூர், கோலார் வழியாகப் பெங்களூர் போகிறவர்கள் தாண்டிப் போகும் அதே ஹோஸ்கோட்டே. அங்கே உட்கார்ந்து எடுத்த படங்களை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவரிடம், “நீங்கள் நேரில் போகவில்லையே, இது செல்லாது” என்று யாரும் சொல்வதில்லை. விஞ்ஞானிக்குச் செல்லும் என்றால் மாணவிக்கும் செல்லத்தான் வேண்டும்.

ஆகவே என் பிரிவினை இதுதான்: நேரில் செய்தாலும் கருவியின் முகத்தைப் பார்த்து எண் எழுதுவதுதான் வேலை என்றால், அதைத் தொலைவில் இருந்து செய்யலாம். கையே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்றால் நேரில் வரவேண்டும், அல்லது பெட்டி வீட்டுக்கு வரவேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் யூவன் லிண்ட்சேயும் மால்கம் குட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை. ஒரே பரிசோதனையை மாணவர்களில் ஒரு பிரிவினர் நேரிலும், ஒரு பிரிவினர் தொலைவில் இருந்தும், ஒரு பிரிவினர் சிமுலேஷனிலும் செய்தார்கள். மூன்று பிரிவினரும் கற்றது ஒன்றுபோல் இல்லை. ஒரு வழியில் சில திறமைகள் கூடின, வேறு சில குறைந்தன. எந்த வழி மேல் என்று கேட்பதைவிட, எந்தப் பாடத்துக்கு எந்த வழி என்று கேட்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

தொலை ஆய்வகம் அமைத்தால் போதாது, அதைப் பேண வேண்டும். ரிலே ஒட்டிக்கொள்ளும், விசிறியில் தூசி அடையும், மின்சாரம் போய் வந்தால் எதுவோ ஒன்று எழுந்திருக்காது. தூரத்தில் இருக்கும் மாணவிக்கு அதைத் தட்டிப் பார்க்க வழியில்லை. அங்கே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். உலகம் முழுக்கப் பல தொலை ஆய்வகங்கள் திட்டப் பணம் இருக்கும்வரை ஓடி, பணம் தீர்ந்ததும் நின்றுபோயின. கருவி வாங்கப் பணம் கொடுக்கும் அரசுகள், அதைத் துடைத்து வைப்பவருக்குக் கொடுக்க யோசிக்கின்றன. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

மொழியும் ஒரு தடைதான். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவள் முன்னால் ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் கையேட்டை வைத்தால், கருவி மும்பையில் இருந்தால் என்ன, பக்கத்து அறையில் இருந்தால் என்ன? கையேட்டைத் தமிழில் எழுதுவது கருவி செய்வதைவிடச் சுலபமான, செலவு குறைந்த வேலை. இங்கே உள்ள ஆசிரியர்கள் மனது வைத்தால் ஒரு கோடை விடுமுறை போதும்.

அதோடு, எல்லாமே மும்பையில் இருந்தும் ஆஸ்திரேலியாவில் இருந்தும்தான் வரவேண்டுமா? நம் ஊரில் பச்சையப்பன் கல்லூரி இருக்கிறது, ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியிலும் ஆய்வகம் சாயங்காலம் பூட்டினால் காலையில்தான் திறக்கும். அந்த இரவு முழுக்கக் கருவிகள் சும்மா இருக்கின்றன. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில், புதிதாக எதையும் வாங்காமல், இருக்கும் பரிசோதனைக் கருவிகளிலேயே விலை குறைந்த சில்லுப் பலகையும் மோட்டாரும் கேமராவும் பொருத்தி அவற்றைத் தொலை ஆய்வகமாக மாற்றும் வேலை நடக்கிறது. நமக்குப் பொருத்தமான வழி அதுதான்.

என் மனதில் ஒரு பரிசோதனை இருக்கிறது, காஞ்சிபுரத்துக்கென்றே. பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது தொட்டித் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். லேசான அமிலத் தன்மையோடு சூடாக இருக்கும் தண்ணீரில் பட்டு சாயத்தை உறிஞ்ச உறிஞ்ச, தண்ணீர் வெளுத்துக்கொண்டே வரும். பட்டறையில் கண்ணாலேயே பார்த்து, ‘ஏறிடுச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். அதை எண்ணாக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, ஒரு சுழலும் தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரு பக்கம் எல்.ஈ.டி. விளக்கு, மறுபக்கம் ஒளியை அளக்கும் உணரி. மாணவி தன் வீட்டில் இருந்து மூன்றாவது குப்பியைக் கேட்டால் தட்டு சுழன்று மூன்றாவது குப்பி விளக்குக்கு முன்னால் நிற்கும். சாயம் எவ்வளவு அடர்த்தியோ, ஒளி அவ்வளவு தடுக்கப்படும். வேதியியல் புத்தகத்தில் பீர்–லாம்பர்ட் விதி என்று இருப்பது இதுதான். குப்பிகளை வரிசையாக அளந்து கோடு போட்டால் பட்டு எந்த நேரத்தில் எவ்வளவு சாயம் குடித்தது என்று வரைபடமே சொல்லும். சிவப்பு சாயத்துக்குச் சிவப்பு விளக்கு வைத்தால் ஏன் எதுவும் தெரியவில்லை, பச்சை விளக்கு வைத்தால் ஏன் தெரிகிறது என்று அவளே கேட்பாள். இதற்கான சாமான்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். சாயத் தண்ணீர் இங்கேயே கிடைக்கும்.

அண்ணாவுக்கு இது பிடித்தது. “அப்ப எங்க பட்டறைத் தண்ணியும் பாடமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் மகளுக்கு நான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். சேரப்போகும் படிப்புக்கு அந்த வருடம் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்; அந்தப் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. பிராக்டிகலுக்கு எத்தனை நாள், எந்த ஊரில் நேரில் வரவேண்டும் என்று கேட்கட்டும். வீட்டில் இருந்து செய்ய வைப்பது சிமுலேஷனா, உண்மையான கருவியா, அதற்கு மதிப்பெண் உண்டா என்பதையும் விடாமல் கேட்கட்டும். சேர்க்கை கிடைக்கும் வரை சைலாபை இறக்கி வைத்துக்கொண்டு பழகட்டும். அதற்குக் காசு கிடையாது. ரெக்கார்டு நோட்டில் விடையை மட்டும் எழுதாமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்குச் செய்தாள், எங்கே கோடு தடுமாறியது, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறாள் என்பதையும் எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஃபீஸ் கட்டுங்கள் அண்ணா என்றேன்.